பேஸ் கிட்டாருக்குப் புது நெக் மாட்டுவது எப்படி

போன சித்திரையில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர்ப் பொங்கலுக்குக் கச்சேரி. முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது ராத்திரி இரண்டரை மணி இருக்கும். மேலே அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டி சரிந்து, கீழே படுக்க வைத்திருந்த என் பேஸ் மேல் விழுந்தது. உறைக்குள்ளிருந்து 'ணொய்ங்' என்று ஒரு சத்தம். நான்கு கம்பியும் ஒரேயடியாகத் தளர்ந்தால்தான் அந்தச் சத்தம் வரும். ஜிப்பைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினோரு வருடமாக என்னோடு இருக்கும் பேஸ் அது. மேலூரிலிருந்து திருமங்கலம் வரை நான் ஏறிய மேடையெல்லாம் அதுவும் ஏறியிருக்கிறது. மறுநாள் காலையில் பழங்காநத்தத்தில் என் டூவீலர் ஒர்க்‌ஷாப்பைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் மேஜையில் கிடத்தினேன். பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்துதான் போயிருந்தது. புது நெக் வாங்கினேன். அது கைக்கு வந்த பிறகு, நானே மாட்டி, வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவர ஆறு நாள் ஆனது. அந்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். வண்டி வேலை தெரிந்தவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும்.

முதலில் ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். உடைப்பு மர ஓட்டத்தோடு நீளமாகச் சாய்ந்து போயிருந்து, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தினால், நல்ல மரப் பசை வைத்து இறுக்கிக் கட்டி ஒட்டிவிடலாம். பல வருடம் தாங்கும். என்னுடையது அப்படி இல்லை. நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் முனையைப் பிடித்திருந்த மரமே சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்திருந்தது. ஒட்டினாலும் ராடை முறுக்கும்போது மறுபடி பிளக்கும். நான்கு பேஸ் கம்பிகளும் சேர்ந்து நெக்கை எழுபது எண்பது கிலோ விசையில் இழுக்கின்றன. அதற்கு ஈடு கொடுப்பது அந்த ராடுதான்.

பாடியைத் திருப்பிப் பாருங்கள். நெக் சேரும் இடத்தில் ஒரு இரும்புத் தகடும் நான்கு ஸ்குருவும் இருந்தால் நெக்கைக் கழற்றி மாட்டலாம். தகடு இல்லாமல் மரத்தோடு மரமாக ஒட்டியிருந்தால் இந்த முறை உங்களுக்கு ஆகாது. ஸ்குருவில் நிற்கும் நெக் ஒன்றும் தரம் குறைந்தது இல்லை. 1951-ல் வந்த ஃபெண்டர் கம்பெனியின் பிரசிஷன் பேஸும், 1960-ல் வந்த ஜாஸ் பேஸும் இப்படித்தான் செய்யப்பட்டன. இன்று நம் ஊரில் கிடைக்கும் பேஸ்களில் பெரும்பாலானவை அந்த இரண்டின் அளவையே பின்பற்றுகின்றன. அதனால்தான் வேறொரு கம்பெனியின் நெக் நம் பாடியில் உட்காரும் வாய்ப்பே இருக்கிறது.

வாய்ப்பு என்றுதான் சொன்னேன். ஆர்டர் போடுவதற்கு முன் வெர்னியர் எடுத்து அளந்துவிடுங்கள். பாடியில் நெக் உட்காரும் குழியின் அகலம் பெரும்பாலும் 63.5 மி.மீ., ஆழம் 16 மி.மீ. பக்கம் இருக்கும். குழியின் மூலை சதுரமா, வளைவா என்று பாருங்கள். நெக்கின் அடிப்பகுதியும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும். அடுத்தது நீளம். நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை) வரை அளந்தால் 432 மி.மீ. வர வேண்டும். கம்பி நீளத்தில் அது சரிபாதி; அதுதான் 34 அங்குல பேஸ். (நட் என்றவுடன் என்னைப் போன்றவர்களுக்கு போல்ட்டில் மாட்டும் நெட்டுதான் ஞாபகம் வரும். கிட்டாரில் நட் என்பது கம்பிகள் தங்கிப் போகும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டை.) 30 அங்குலச் சின்ன பேஸின் நெக்கைக் கொண்டுவந்து இதில் மாட்டினால் ஒரு சுரம்கூடச் சரியாக வராது. நட் அகலம் ஜாஸ் வகையில் 38 மி.மீ., பிரசிஷன் வகையில் 41, 42. இது உங்கள் கைக்கு எது இதமோ அதைப் பொறுத்தது. எனக்குச் சின்னக் கை, 38 எடுத்தேன். கடைசியாக, கம்பியை முறுக்கிச் சுருதி ஏற்றும் ட்யூனிங் கீயின் துளை. பழைய பாணிப் பெரிய கீகளுக்கு 17.5 மி.மீ. துளை, புதியவற்றில் பலவற்றுக்கு 14. பழைய கீயையே மாட்டப்போகிறீர்கள் என்றால் இதை மறக்காதீர்கள். சின்னத் துளையை அரம் வைத்து அகலப்படுத்துவது நெடு நேர வேலை. பெரிய துளையில் சின்னக் கீ ஆடும்.

என் நெக் ஒன்பதாம் நாள் கூரியரில் வந்தது. மேப்பிள் மரம், ஃபிரெட்போர்டு மட்டும் ஈட்டி. நம் மேற்கு மலையில் வளரும் அதே ஈட்டிதான். பிரித்ததும் மாட்டிப் பார்க்கக் கை பரபரக்கும். இரண்டு நாள் சும்மா சுவரோரம் வையுங்கள். வேறு ஊர்க் காற்றிலிருந்து மதுரைச் சித்திரை வெயிலுக்கு வந்த மரம் அது. இந்தக் காற்றுக்குப் பழகிய பிறகு அது எப்படி நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் குழியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. ஒரு அரை மில்லி இடித்தது. இந்த இடத்தில் சுத்தியல் எடுத்தால் பாடியின் ஓரத்தில் பெயின்ட் வெடித்துக்கொண்டு போகும். குழிக்குள் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டு நெக்கை மெதுவாக அழுத்தி எடுத்தால், இடிக்கும் இடத்தில் மட்டும் கரி ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு அது குழியின் சுவரில் கட்டியாக நின்ற பெயின்ட்டாக இருந்தது. சின்ன மரக்கட்டையில் 240 உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தில் மட்டும் தேய்த்தேன். பத்துத் தேய்ப்பு, வைத்துப் பார், மறுபடி பத்துத் தேய்ப்பு. கடைசியில் நெக்கை உள்ளே விட்டுப் பாடியோடு தூக்கினால், ஸ்குரு இல்லாமலே ஒரு விநாடி பிடித்து நின்றது. அந்த இறுக்கம் போதும். குழியின் அடியிலும் பெயின்ட் திப்பியோ பழைய பசையோ இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மரமும் மரமும் முழுக்கத் தொட்டு உட்கார வேண்டும்.

இனி வருவதுதான் மொத்த வேலையின் உயிர். நெக்கில் துளை எங்கே விழப்போகிறது என்பது.

ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு நண்பனின் பேஸுக்கு நெக் மாற்றிக் கொடுத்தேன். நெக்கைக் கையால் பிடித்துக்கொண்டு, பாடியின் துளை வழியாகவே டிரில்லை விட்டுத் துளைத்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கம்பி மாட்டிப் பார்த்தால், நான்கில் மெல்லியதான ஜி கம்பி ஃபிரெட்போர்டின் விளிம்பிலேயே ஓடியது. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே விரல் வைத்தால் கம்பி வழுக்கிக் கீழே விழும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேஸை அவன் மேடைக்குக் கொண்டுவரவே இல்லை. அது இன்னும் என் மனதில் கிடக்கிறது. குழிக்குள் நெக் அரை மில்லி திரும்பினால் நட் பக்கம் மூன்று நான்கு மில்லி விலகிவிடும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த முறை நூல் பிடித்தேன். நெக்கைக் குழியில் வைத்து, முன்னும் பின்னும் தோல் துண்டு கொடுத்து ஒரு ஜி கிளாம்ப்பால் லேசாக இறுக்கினேன். மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பு இரண்டு எடுத்து, தடித்த ஈ கம்பி போகும் வழியில் ஒன்று, ஜி கம்பி போகும் வழியில் ஒன்று, நட் பள்ளத்திலிருந்து பிரிட்ஜின் சாடில் வரை இழுத்துக் கட்டினேன். (பாடியில் கம்பிகளின் மறு முனையைப் பிடிப்பது பிரிட்ஜ். அதில் ஒவ்வொரு கம்பியும் தங்கும் சின்னத் துண்டு சாடில்.) கூட நின்றது என் அக்கா மகன். பதினேழு வயது.

"மாமா, இம்புட்டு நேரமா என்னத்தப் பாக்குறீங்க? துளையப் போட்ருவோம்."

"பொறு மாப்ள. கடைசி ஃபிரெட்டுல ஜி பக்கம் விளிம்புக்கும் நரம்புக்கும் எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்லு."

"ரெண்டரை."

"ஈ பக்கம்?"

"அஞ்சு."

நெக்கின் தலையைப் பிடித்து, கண்ணுக்கே தெரியாத அளவு ஈ கம்பி இருக்கும் பக்கமாகத் தள்ளினேன். மறுபடி அளக்கச் சொன்னேன். மூன்று, நாலரை. இன்னும் கொஞ்சம். மூன்றரை, நான்கு. அங்கேயே கிளாம்ப்பை இறுக்கினேன். இரண்டு பக்கமும் 3 மி.மீ.-க்குக் குறையாமல் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. அப்படியே 12-ஆவது ஃபிரெட்டிலிருந்து ஜி சாடில் வரை அளந்துகொள்ளுங்கள். 432 மி.மீ., அல்லது ஓரிரு மில்லி கூட வர வேண்டும். அந்த அளவு சாடில் முன்னும் பின்னும் நகரும் எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நெக் குழியின் கடைசி வரை போய் உட்காரவில்லை, அல்லது நெக்கே வேறு அளவு.

கிளாம்ப்போடு பாடியைத் திருப்பி, நான்கு துளைகளிலும் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு கூரான ஸ்குருவை விட்டு மேலே ஒரு தட்டு. நெக்கின் அடியில் நான்கு புள்ளி விழும். அவ்வளவுதான், கிளாம்ப்பை எடுத்துவிட்டு நெக்கைத் தனியாக மேஜையில் வைத்துத் துளை போடுங்கள். வாங்கிய நெக்கில் ஏற்கெனவே துளை இருந்து, அது உங்கள் புள்ளியோடு ஒத்து வரவில்லை என்றால் கிட்டத்தட்ட இருக்கிறதே என்று விடாதீர்கள். தேக்குக் குச்சியைத் துளை அளவுக்குச் செதுக்கி, ஃபெவிக்கால் தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாகச் சீவிவிட்டுப் புதுத் துளை போடுங்கள்.

ஆழத்தைக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். என் ஸ்குரு 45 மி.மீ. தகடு 2, குழிக்கு அடியில் பாடி 29. மிச்சம் 14 மி.மீ. நெக்குக்குள் போகும். நெக்கின் அடிப்பகுதியின் மொத்தக் கனமே 25 மி.மீ.தான். டிரில் பிட்டில் முனையிலிருந்து 16 மி.மீ. அளந்து இன்சுலேஷன் டேப்பைக் கொடி மாதிரி ஒட்டினேன். கொடி மரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். கொடி இல்லாமல் துளைத்து, ஃபிரெட்போர்டைப் பொத்துக்கொண்டு பிட் வெளியே வந்த நெக்கை நான் பார்த்திருக்கிறேன். வழக்கமான 8-ஆம் எண் ஸ்குருவுக்கு 3.2 மி.மீ. பிட். மேப்பிள் கெட்டி மரம். சின்னத் துளையில் ஸ்குருவை மல்லுக்கட்டி இறக்கினால் தலை முறியும், அல்லது மரம் பிளக்கும். மெழுகுவர்த்தியில் ஸ்குருவின் மரையை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு இறக்குங்கள். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பாடியின் துளையில் ஸ்குரு மரை பிடிக்கக் கூடாது. கையால் விட்டால் தாராளமாக உள்ளே போய்வர வேண்டும். அங்கேயும் மரை பிடித்தால் நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் நெக்கும் பாடியும் நடுவில் இடைவெளியோடு அப்படியே நிற்கும், கிட்டே இழுபடாது. பிடித்தால் பாடித் துளையை மட்டும் 4.5 மி.மீ. பிட்டால் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஸ்குருவை முறுக்குவது சிலிண்டர் ஹெட் போல்ட் முறுக்குவது மாதிரியேதான். மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக. பவர் ஸ்குரு டிரைவர் வேண்டாம், கை போதும்.

கீகளை மாட்டிக் கம்பி போடுங்கள். கீயின் தண்டைத் தாண்டி ஒரு பத்துப் பன்னிரண்டு செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். வெட்டும் இடத்துக்கு முன்னாலேயே கம்பியை நன்றாக மடக்கிவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் மேல் சுற்று உள்ளே பிரிந்து கம்பி உயிரில்லாமல் ஒலிக்கும். ஈ, ஏ, டி, ஜி சுருதிக்கு ஏற்றிய பிறகு, பின்பக்க ஸ்குரு நான்கையும் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கம்பியின் இழுப்பிலேயே நெக் குழியின் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். சில நேரம் 'டொக்' என்று கேட்கும். உடனே திரும்ப இறுக்கிவிடுங்கள். எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை பயந்து என் முகத்தைப் பார்த்தான்.

ஒரு ராத்திரி அப்படியே சுருதியில் விட்டுவிடுங்கள். காலையில் மறுபடி சுருதி சேர்த்துவிட்டு டிரஸ் ராடைப் பார்க்கலாம்.

நெக் முழு நேராக இருக்கக் கூடாது, கம்பி பக்கம் மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். கம்பி அதிர இடம் வேண்டுமல்லவா, அதற்கு. முதல் ஃபிரெட்டில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, பாடி தொடங்கும் இடத்து ஃபிரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். இப்போது கம்பியே உங்கள் மட்டப்பலகை. ஏழு, எட்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே உள்ள சந்தை அளக்க வேண்டும். வண்டியில் டேப்பட் வைக்கும் ஃபீலர் கேஜ், அதாவது சந்து அளக்கும் மெல்லிய தகடுகள்தான் இதற்கும். 0.30 மி.மீ. தகடு கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு போனால் போதும். என்னுடையதில் 0.60 போனது. சந்து அதிகமானால் ராடை வலப்பக்கம், கடிகாரம் சுற்றும் திசையில் முறுக்க வேண்டும். குறைந்தால் இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. முறுக்கிவிட்டுச் சுருதி சேர்த்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து அளங்கள். மரம் உடனே அசையாது. ஆலன் கீ சரியான அளவில் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். அரைகுறையாக விட்டு முறுக்கி உள் மூலை தேய்ந்தால் புது நெக்கும் வீண்தான். கெட்டியாக நின்றால் பலம் காட்டாதீர்கள். கம்பியைத் தளர்த்திவிட்டு முறுக்குங்கள். நான் காலையில் கால், மாலையில் கால், மறுநாள் அதிலும் பாதி. 0.30-க்கு வந்தது.

அடுத்து நட். கம்பியை இரண்டு, மூன்றாவது ஃபிரெட்டுக்கு நடுவே அழுத்தினால் முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு காகிதக் கனம் சந்து இருக்க வேண்டும். புது நெக்கில் இது பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும், அதனால்தான் முதல் இரண்டு கட்டத்தில் விரல் வலிக்கிறது. பள்ளத்தை வட்ட ஊசி அரத்தால் மூன்று இழுப்புக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து இறக்குங்கள். ஃபிரெட் முனைகள் கையைக் கீறினால் அதே அரத்தால் முனையை மட்டும் உருட்டிவிடுங்கள்.

உயரம் வைப்பது சுலபம். 17-ஆவது ஃபிரெட்டில் ஈ கம்பியின் அடிக்கு 2.4 மி.மீ., ஜி-க்கு 2 மி.மீ. வரும்படி சாடிலை ஏற்றி இறக்குங்கள். கம்பி தட்டினால் இன்னும் கால் மில்லி ஏற்றலாம். சாடிலை அடிமட்டம் வரை இறக்கியும் கம்பி உயரமாகவே நின்றால் நெக்கின் சாய்வை மாற்ற வேண்டும். குழிக்குள் பிரிட்ஜ் பக்கமாக ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டைத் துண்டு வைப்பார்கள். வேலை செய்யும். ஆனால் எனக்கு அது பிடிக்காது, நடுவில் மரம் தொடாமல் தொங்கும். தச்சரிடம் சொல்லி, ஒரு முனை 1 மி.மீ., மறு முனை ஒன்றுமில்லாமல் சாயும்படி குழியின் முழு அளவுக்கு ஒரு மரச் சிம்பு சீவி வாங்கி வையுங்கள். எனக்கு இது தேவைப்படவில்லை.

சாடிலை முன்பின் நகர்த்துவதுதான் கடைசிப் பெரிய வேலை. வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்கின்றன. சுரம் விலகினால், மெட்டு பதிக்கும் கைவினைஞர் (மேளம் கட்டுபவர் என்பார்கள்) மெட்டையே நகர்த்திவிடுவார். பேஸில் ஃபிரெட் மரத்தில் அடித்து இறக்கியது, நகராது. நகர்வது சாடில் மட்டும்தான். 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணி மாதிரி ஒரு ஒலி வரும். அதே இடத்தை அழுத்தி மீட்டி, ட்யூனரில் இரண்டையும் ஒப்பிடுங்கள். அழுத்தினது கூடினால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தால் முன்னால். கனமான கம்பிக்குச் சாடில் எப்போதும் அதிகம் பின்னால் போகும். ஆக ஜி-யிலிருந்து ஈ வரை சாடில்கள் படிக்கட்டு மாதிரி நின்றால் சரியாக வந்திருக்கிறது. புதுக் கம்பியில்தான் இதைச் செய்ய வேண்டும். பழைய கம்பியில் எவ்வளவு முயன்றாலும் நிற்காது. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்பின் உயரத்தைக் கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு இரண்டரை மில்லி பக்கம் வைத்து, பிறகு காதால் சரிபாருங்கள்.

ஆறாம் நாள் ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு ஆம்ப்பைப் போட்டேன். திறந்த ஈ கம்பி, 41 ஹெர்ட்ஸ். ஸ்பேனர் மாட்டும் பலகை முழுதும் கிணுகிணுத்தது. நெக்கின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு நட் வரை ஓடுவது தெரிந்தது. பழைய நெக்கில்கூட எனக்கு இப்படித் தெரிந்ததில்லை. மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவன் நேராகப் பன்னிரண்டுக்கு மேலே போய் ஜி கம்பியை இழுத்து வளைத்தான். கம்பி வழுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து நான்கு ஸ்குருவையும் ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள், ராடையும் அளந்து பாருங்கள். புது நெக் முதல் ஒரு மாதம் அசைந்துகொண்டுதான் இருக்கும். பிறகு ஐப்பசி மழை பிடித்ததும் ஒருமுறை. ஈரக் காற்றில் பொதுவாக நெக் இன்னும் கொஞ்சம் குழியும். எனக்குப் போன ஐப்பசியில் 0.45 காட்டியது, கால் சுற்றில் திரும்ப வந்தது. பங்குனி வெயிலில் அந்தக் கால் சுற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்காக ஆலன் கீயை இப்போது உறையின் முன் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். வேனில் பேஸ் என் மடியில் வருகிறது.